தெர்மோஸ்டாட் ஷவர்: மலிவானதா, விலை உயர்ந்ததா? டெல்டா வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு வலங்கைமான் பக்கம். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. பாதத்தில் சூடு தெரியாது. ஒரு மார்கழிக் காலையில் அவர் ஷவரில் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படிக் குழாயைத் திறந்தார். பச்சைத் தண்ணீர் அந்தப் பக்கம் ஓட, ஷவரில் கீசர் தண்ணீர் மட்டும் கொட்டியது. தோளில் சுட்டதும் அப்பா விலகிவிட்டார். ஆனால் பாதம் சிவந்து கொப்புளம் கட்டியிருந்ததை மதியம் சாப்பிட உட்காரும்போதுதான் பார்த்தோம். "சுட்டதே தெரியலடா" என்றார்.

அந்த வாரமே, சூட்டைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் ஷவர் தேட ஆரம்பித்தேன். அதன் பிறகு கும்பகோணம், மன்னார்குடி, நாகப்பட்டினம் என்று சொந்தக்காரர்கள் வீடுகள் சிலவற்றில் கூட நின்று வாங்கிப் பொருத்தியிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். முதலில் கடைக்குப் போகிறார்கள். மொட்டைமாடி டேங்க்கை அண்ணாந்து பார்ப்பது கடைசியில். நம் ஊரில் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: டேங்க், தண்ணீர், கீசர், அதற்கப்புறம்தான் கடை.

1. முதலில் தேவையா என்று பாருங்கள்

சாதாரண மிக்சரில் சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலப்பது நம் கை. ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் சூடு மாறிவிடும். தெர்மோஸ்டாட் மிக்சருக்குள் விரல் நீளத்தில் ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. அதற்குள் மெழுகு அடைத்த சின்னக் குப்பி. கலந்த தண்ணீர் அதைத் தொட்டுக்கொண்டே போகும். சூடு கூடினால் மெழுகு விரிந்து சுடுதண்ணீர் வழியை நெருக்கும்; குறைந்தால் சுருங்கி வழியை விடும். இதற்குக் கரண்ட் வேண்டாம்.

60 டிகிரித் தண்ணீர் பெரியவர் தோலையே சுமார் 5 வினாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். 55 டிகிரியில் அரை நிமிடம். 49 டிகிரியில் சில நிமிடங்கள் ஆகும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் தோல் மெல்லிசு என்பதால் இன்னும் சீக்கிரம். அதனால் வயதானவர், சர்க்கரை நோயாளி, சின்னக் குழந்தை இருக்கும் வீட்டிலும், சோலார் ஹீட்டர் வைத்த வீட்டிலும் இது அவசியம் என்பேன். சோலார் தண்ணீர் வெயில் நாளில் 70 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

வாளியில் விளாவிக் குளிக்கிற வீடு, வருடத்தில் இரண்டு மாதம்தான் கீசர் போடுகிற வீடு என்றால் இந்தச் செலவு வேண்டாம். கீசரின் சூட்டைக் குறைத்து வைத்தாலே ஆபத்து பாதி குறையும். ஆனால் 40, 45 டிகிரிக்கு இறக்கி நாள் கணக்கில் விட்டுவைக்காதீர்கள். வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளரும்.

2. அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். பெயர் பெற்ற ஐரோப்பிய மிக்சர்கள் பெரும்பாலும் 1 முதல் 5 பார் அழுத்தத்தில் நன்றாக வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. அங்கே ஊர்க் குழாயிலேயே அந்த அழுத்தம் இருக்கிறது. நமக்கு இருப்பது டேங்க்கின் உயரம் மட்டும்.

கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் சுமாராக 1 பார். மேல்மாடி இல்லாத கான்கிரீட் வீட்டில் கூரைத் தளம் 10 அடி உயரத்தில், அதன்மேல் 3 அடி மேடை போட்டு டேங்க். டேங்க்கின் அடி 13 அடியில் இருக்கிறது, ஷவர் தலை 7 அடியில். இடைவெளி 6 அடி, அதாவது 1.8 மீட்டர். அழுத்தம் 0.18 பார்தான். ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளக் குளியலறையானால் அரை பார் வரும். அதே வீட்டின் மேல்தளத்தில் பழைய கதைதான்.

ஆகவே டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். டேங்க்கின் அடியிலிருந்து ஷவர் தலை வரை நேர் உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் பைப் எவ்வளவு ஓடினாலும் அழுத்தம் கூடாது, குறையத்தான் செய்யும். அடுத்து, ஷவர் தலையைக் கழற்றிவிட்டு 10 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பாருங்கள். பச்சைத் தண்ணீருக்குத் தனியாக, சுடுதண்ணீருக்குத் தனியாக. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் கீசர் வழியில் எங்கோ அடைப்பு என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் எந்த மிக்சரைப் போட்டாலும் அது தள்ளாடும்.

டேங்க்கை இன்னும் 3 அடி தூக்கிக் கட்டலாமா என்று கேட்பார்கள். அதில் கிடைப்பது 0.1 பார் கூட இல்லை. கொத்தனார் கூலிதான் மிஞ்சும். மூன்று வழி இருக்கிறது. குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த தெர்மோஸ்டாட் மிக்சர் வாங்கலாம். நம் கடைகளில் அரிது, சொல்லி வரவழைக்க வேண்டும். பிரஷர் பம்ப் போடலாம். ஒன்றிரண்டு குளியலறைக்கு அரை ஹெச்பி போதும். அல்லது இந்த யோசனையையே விட்டுவிட்டு 1-ஆம் படியில் சொன்னபடி கீசரைக் குறைத்து வைக்கலாம்.

பம்ப் போடுவதானால் டேங்க்கிலிருந்து இறங்கும் பைப், கீசருக்கும் குழாய்க்கும் பிரிவதற்கு முன்னாலேயே போட வேண்டும். பச்சைத் தண்ணீர் வழியில் மட்டும் போட்டால் அந்தத் தண்ணீர் மிக்சர் வழியாகக் கீசருக்குள் தள்ளப் பார்க்கும். மன்னார்குடியில் அத்தை வீட்டில் இப்படித்தான் போட்டிருந்தார்கள். எந்தக் குமிழைத் திருப்பினாலும் குளிர்ந்த தண்ணீர்தான் வந்தது, பழி மிக்சர் மேல் விழுந்தது.

பம்ப்பைச் சுற்றி ஒரு பைபாஸ் பைப்பும் அதில் தண்ணீரைத் திரும்பி ஓடவிடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனாலும் டேங்க் தண்ணீர் தானாக இறங்கி வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள் நம்முடையவை. ஒரு வால்வு விலையில் இது முடிகிறது.

3. தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

மெழுகுக் குப்பிக்கு இரண்டு எதிரிகள்: உப்பும் பொடி மணலும். இரண்டுமே நம்மிடம் உண்டு.

வெந்நீர் அண்டாவின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகச் செதில் செதிலாகக் கையோடு வந்தால் கடினத் தண்ணீர். கார்ட்ரிட்ஜிலும் அதே செதில்தான் படியும், குறிப்பாகச் சுடுதண்ணீர் நுழைகிற இடத்தில். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்தில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அங்கே இது உலோகத்தையும் அரிக்கும்.

ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து மொத்தக் கடினத்தன்மை எவ்வளவு என்று கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதி. 200-க்குள் இருந்தால் கவலை வேண்டாம். 300-ஐத் தாண்டினால், வருடத்துக்கு ஓரிரு முறை கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் கழுவத் தயாராக இருங்கள். 600-க்குப் பக்கத்தில் என்றால், கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் கருவி இல்லாமல் தெர்மோஸ்டாட் ஷவர் வேண்டாம். டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். படிவது சுண்ணாம்பும் மக்னீசியமும்தான்.

மணல் கோடையில் வரும். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன், சித்திரை வைகாசியில் போர் மட்டம் இறங்கும்போது மோட்டார் வண்டலையும் சேர்த்து இழுக்கும். டேங்க்கிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரு சல்லடை ஃபில்டர் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டு ஃபில்டரை முதல் கோடை முடிந்து கழற்றியபோது, உள்ளங்கையில் மைதா மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பிடி மணல். விரலில் தேய்த்தால்தான் நறநறவென்றது. அத்தனையும் மிக்சருக்குள் போயிருக்க வேண்டியது.

4. கீசர் ஈடுகொடுக்குமா?

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் இதற்குச் சரிப்படாது. 3 கிலோவாட் சூடாக்கி, 28 டிகிரித் தண்ணீரை 40-க்கு ஏற்றினால் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் சொச்சம்தான் தர முடியும். சாதாரண ஷவருக்கே 8 லிட்டர் வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தெர்மோஸ்டாட் சுடுதண்ணீரை நெருக்கியதும் கீசருக்குள் ஓட்டம் குறைந்து சூடு எகிறும், கீசர் தானே அணையும், தண்ணீர் குளிரும், தெர்மோஸ்டாட் வழியைத் திறக்கும், மறுபடி கீசர் எரியும். குளித்து முடியும்வரை இந்த இழுபறிதான்.

சேமிப்புக் கீசரே நல்லது. மார்கழியில் டேங்க் தண்ணீர் 25 டிகிரி, கீசர் 60, உங்களுக்கு வேண்டியது 39 என்று வையுங்கள். கலவையில் சுடுதண்ணீர் 40 சதவீதம். 15 லிட்டர் கீசரிலிருந்து அதிகபட்சம் 37 லிட்டர், அதாவது நாலரை நிமிடக் குளியல். 25 லிட்டர் கீசரில் 62 லிட்டர், ஏழெட்டு நிமிடம். அகலமான மழை ஷவர் மேல் ஆசைப்பட்டால் நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் குடிக்கும். நேரத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கீசர் சூடு நீங்கள் விரும்புவதைவிடக் குறைந்தது 10 டிகிரி கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜுக்குக் கலக்க இடமிருக்காது. பம்ப் போட்டிருந்தால் கீசர் உடலில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பார் தாங்கும் என்று பாருங்கள். பம்ப்பின் உச்ச அழுத்தம் அதைவிடக் கீழே இருக்க வேண்டும்.

5. கத்திரி வெயிலில் என்ன எதிர்பார்க்கலாம்

தெர்மோஸ்டாட் தண்ணீரைக் குளிர்விக்காது. வருகிற இரண்டு தண்ணீருக்கும் நடுவில்தான் அதனால் நிற்க முடியும். கத்திரியில் மதியம் இரண்டு மணிக்கு எங்கள் கறுப்பு டேங்க்கின் தண்ணீரே 38 டிகிரியைத் தாண்டுவதை அளந்திருக்கிறேன். அப்போது குமிழை 30-இல் வைத்தாலும் 38-தான் வரும். மிக்சர் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். டேங்க்குக்குக் கீற்றுக் கொட்டகையோ வெள்ளைப் பெயின்ட்டோ போட்டால் பலன் உண்டு.

கீசரை அணைத்திருக்கும் மாதங்களில் குமிழைக் குளிர்ந்த பக்கக் கடைசிக்குத் திருப்பி வையுங்கள். நடுவில் விட்டால் சூடு போதவில்லை என்று கார்ட்ரிட்ஜ் பச்சைத் தண்ணீரை மூடிவிட்டு, கீசர் வழியாக மட்டும் தண்ணீர் எடுக்கும். ஓட்டம் குறைந்ததாகத் தெரியும்.

6. விலை எதற்கு ஏறுகிறது

இப்போது கடைக்குப் போகலாம். சுவருக்கு வெளியே பொருத்தும் மலிவு வகை சுமாராக 10,000 ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கிறது. குரோஹே, ஹான்ஸ்குரோஹே போன்ற ஜெர்மன் பெயர்களில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கில் ஆரம்பித்து மேலே போகும். இந்த வித்தியாசத்தில் எது காசுக்குத் தகும், எது தகாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

காசுக்குத் தகுவதில் முதலிடம் கார்ட்ரிட்ஜுக்கு. நல்லது இரண்டு மூன்று வினாடியில் சூட்டைப் பிடித்துவிடும். பச்சைத் தண்ணீர் சட்டென நின்றால் சுடுதண்ணீரையும் அடைத்துவிடும். மட்டமானது பத்து வினாடி தடுமாறும். 60 டிகிரிக்கு 5 வினாடி என்ற கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது 38 டிகிரித் தடுப்பு. பட்டனை அழுத்தாமல் குமிழ் அதற்குமேல் திரும்பாது. மலிவிலும் இது இருக்கும், ஆனால் பிளாஸ்டிக் பல் தேய்ந்து வழுக்குகிறதா என்று கடையிலேயே பத்துத் தடவை திருப்பிப் பாருங்கள். மூன்றாவது, இரண்டு நுழைவாயிலிலும் நான்-ரிட்டர்ன் வால்வும் சல்லடையும். இவை இல்லாத பொருளை எந்த விலையிலும் வாங்காதீர்கள்.

உடல் பித்தளையா என்பதும் முக்கியம். மரை வெட்டிய வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. சாம்பல் வெள்ளையாக இருந்தால் துத்தநாகக் கலவை. அது உப்புத் தண்ணீரில் பொரிந்துவிடும்.

தொட்டால் சுடாத வெளி உடல், சின்னக் குழந்தை இருந்தால் பயன்படும். கறுப்பு, தங்க நிறப் பூச்சுக்கும், ஆறு வகை நீர்வீச்சுக்கும் கொடுக்கும் காசு நம் தண்ணீரில் வீண். உப்பு பூத்தால் கறுப்பில்தான் முதலில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சூட்டை எண்ணில் காட்டும் விளக்குத் திரையோடு வரும் ஷவர் பேனல்கள் பல, சூட்டைக் காட்டும், அவ்வளவுதான்; கட்டுப்படுத்தாது. பெட்டியில் தெர்மோஸ்டாட் கார்ட்ரிட்ஜ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: "இதுக்கு கார்ட்ரிட்ஜ் தனியா கிடைக்குமாண்ணே? என்ன விலை, எத்தனை நாள்ல வரும்?" கும்பகோணத்தில் ஒரு கடைக்காரர் இதைக் கேட்டதும் கம்பெனிக்குப் போன் போட்டு எண்ணையே எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் "அதெல்லாம் கெடாதுங்க" என்றார். முதல் கடையில் வாங்கினேன். கடினத் தண்ணீரில் எந்தக் கார்ட்ரிட்ஜும் ஒருநாள் மாற்ற வேண்டியதுதான். உதிரி கிடைக்காத விலை உயர்ந்த மிக்சரைவிட, உதிரி கிடைக்கும் மலிவு மிக்சர் நமக்கு மேல்.

7. எந்த வீட்டுக்கு எது

வயதானவரோ குழந்தையோ தனியாகக் குளிக்கிற குளியலறை, பம்ப் இருக்கிறது, தண்ணீரும் ரொம்பக் கடினமில்லை என்றால் விலை உயர்ந்ததையே வாங்குங்கள். அழகை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனியின் ஆகக் குறைந்த மாடலை எடுங்கள். அதில் இருக்கும் அதே கார்ட்ரிட்ஜ்தான் விலை கூடிய பல மாடல்களிலும் இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

உப்புத் தண்ணீர், சாஃப்ட்னர் இல்லை, ஆனாலும் பாதுகாப்பு வேண்டும் என்றால் கீசர் வாயிலேயே ஒரு தெர்மோஸ்டாட் கலப்பு வால்வு வைத்துவிடுங்கள். அதை 45 டிகிரியில் வைத்தால், அதற்கு மேல் சூடு எந்தக் குழாய்க்கும் போகாது. பழைய மிக்சர்களை மாற்ற வேண்டியதில்லை. கெட்டால் ஒரே வால்வைக் கழற்றினால் போதும். நாகப்பட்டினத்தில் பெரியப்பா வீட்டுக்கு இதைத்தான் செய்தோம்.

பெரியவர்கள் மட்டும் புழங்கும் விருந்தினர் குளியலறைக்கு மலிவு வகை போதும், அதுவும் உதிரி கிடைத்தால்.

சுவருக்குள் பதிக்கும் வகையைப் புது வீட்டுக்கு மட்டும் யோசியுங்கள். நாலரை இஞ்ச் சுவரில் அதற்கு வெட்டும் குழி கிட்டத்தட்ட மறுபக்கம் வரை போய்விடும். முன் தகட்டைக் கழற்றினாலே கார்ட்ரிட்ஜ் கைக்கு வருமா என்று கேளுங்கள். வராது என்றால் ஒவ்வொரு முறையும் டைல்ஸ் உடையும்.

8. பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

முதல் வேலை, மிக்சரை மாட்டுவதற்கு முன் இரண்டு பைப்பையும் திறந்து இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிடுவது. சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பை வெட்டிய தூள், பசைத் துணுக்கு, டெஃப்லான் நூல் எல்லாம் வெளியேற வேண்டும். புது மிக்சர் முதல் நாளே மக்கர் பண்ணுவதற்குப் பெரும்பாலும் இந்தத் தூள்தான் காரணம்.

எதிரே நின்று பார்க்கும்போது சுடுதண்ணீர் இடம், பச்சைத் தண்ணீர் வலம். மாற்றிக் கொடுத்தால் தெர்மோஸ்டாட் தலைகீழாக நடந்து கொதிநீரைத் திறந்துவிடும். இரண்டு வாய்க்கும் நடுவே 150 மில்லிமீட்டர். பழைய மிக்சர் இருந்த இடமானால் அளந்துவிட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வழியிலும் மூடி திறக்கும் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சல்லடை கழுவக்கூட டேங்க்கை மூட வேண்டிவரும். ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறவர் என்றால் அவரை உட்காரவைத்து, கை எட்டும் உயரத்தில் குறி போடுங்கள். அப்பாவுக்கு அப்படித்தான் போட்டோம்.

பம்ப்புக்கும் கீசருக்கும் எர்த்தும், 30 மில்லிஆம்ப் மின்கசிவில் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

9. சூட்டைச் சரிபார்த்த பிறகே குளிக்க விடுங்கள்

குமிழில் 38 என்று போட்டிருப்பது, தொழிற்சாலையில் நல்ல அழுத்தத்தில் வைத்துக் குறித்தது. நம் வீட்டில் அது 35 ஆகவோ 42 ஆகவோ இருக்கலாம். கீசர் முழுதாகச் சூடேறியதும் குமிழை 38-இல் வைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டு, குவளையில் பிடித்துத் தெர்மாமீட்டரை வையுங்கள். வித்தியாசம் இருந்தால் குமிழின் மூடியைக் கழற்றி, உள் தண்டைத் திருப்பி 38-க்குக் கொண்டுவந்து, குறி நேராக வரும்படி குமிழை மறுபடி மாட்ட வேண்டும். பிளம்பர்கள் பலர் இதைச் செய்யாமலே கிளம்பிவிடுகிறார்கள்.

அப்புறம் இரண்டு சோதனை. ஷவர் ஓடும்போது அடுப்படிக் குழாயைத் திறந்து மூடுங்கள். சூடு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஆடக் கூடாது. அடுத்து, கையை நீட்டாமல் தள்ளி நின்று, பச்சைத் தண்ணீர் வால்வை முழுதாக மூடுங்கள். ஷவர் சில வினாடிக்குள் சொட்டாகக் குறைய வேண்டும். கொதிநீர் தொடர்ந்து கொட்டினால் அந்தப் பொருளை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். விலை எதுவானாலும் சரி.

10. பராமரிப்பு

வாரம் ஒருமுறை குமிழை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை இரண்டு தடவை திருப்புங்கள். ஒரே இடத்தில் கிடந்தால் உப்பு பிடித்து இறுகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சல்லடைகளைக் கழுவுங்கள்; கோடை முடிந்ததும் தவறாமல்.

சூடு மெதுவாகத் தடுமாற ஆரம்பித்தால் இரண்டு வால்வையும் மூடி, கீசரை அணைத்துவிட்டு, கார்ட்ரிட்ஜை வெளியே எடுங்கள். வினிகரிலோ வெந்நீரில் கரைத்த எலுமிச்சை உப்பிலோ (சிட்ரிக் ஆசிட்) ஓரிரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டிவிட்டு, 9-ஆம் படியின் சோதனைகளை மறுபடி செய்யுங்கள். தரை கழுவும் ஆசிட் பக்கமே போக வேண்டாம். குரோமும் பித்தளையும் போய்விடும்.

ஊறவைத்தும் சரியாகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். பழைய கார்ட்ரிட்ஜையே கடைக்கு எடுத்துப் போங்கள். நான் பில்லையும் கார்ட்ரிட்ஜ் எண்ணையும் ஒரு கவரில் போட்டு, ஒரு உதிரியோடு அப்பாவின் மருந்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.